கிழவி வளர்த்த வெள்ளாடு

புதன்கிழமை விடியுமுன் உளுந்தூர்பேட்டை ஆட்டுச் சந்தைக்குச் சென்று வந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதியதன்று. களமருதூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து சிறு வண்டிகளில் ஏற்றிவந்த ஆடுகள் கயிற்றில் கட்டுண்டு நிற்கும். வாங்குபவரும் தரகரும் ஒரு துண்டின் மறைவில் கைகோத்து, விரல்களாலேயே விலை பேசுவர். வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. ஆட்டுக்காரி சற்றுத் தள்ளி நின்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆடோ அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். விலை படிந்ததும் கயிறு கைமாறும். புதிய கை இழுக்க, நான்கு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு அது ஒருமுறை கத்தும். அந்தக் கத்தலுக்குப் பொருள் என்ன என்று சந்தையில் நின்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் வாணிகம் நடவாது.

அந்தக் கேள்வியையே கேட்டு, ஒரு நாவல் முழுவதும் ஆட்டின் கண் வழியாகவே உலகைப் பார்த்திருக்கிறார் பெருமாள்முருகன். 2016ஆம் ஆண்டு காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' என்னும் அந்நூலைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். நூல் வெளிவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகக் கடல் கடந்தும் சென்றுவிட்டது. காலந்தாழ்ந்து எழுதக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் பங்கின் அன்பியக் கூட்டங்களில் மூன்று மாலைகள் இக்கதையைச் சொன்னேன். நான் படித்தபோது காணாத ஒன்றைக் கேட்டவர்கள் எனக்குக் காட்டினார்கள்.

இது எவ்வகைக் கதை என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். குறையற்ற ஒரு நாட்டைக் கற்பனை செய்து எழுதும் மரபுக்குப் பெயர் தந்தவர் நம் புனிதர் தாமஸ் மோர். அவரது 'உடோப்பியா' 1516இல் வெளியானது. அந்நூலின் முற்பகுதியில், கம்பளி வாணிகத்துக்காக உழவர் நிலங்கள் வேலியிட்டு வளைக்கப்பட்டதைக் கண்டு மனம் வெதும்பிய அவர், சாதுவான செம்மறிகள் இப்போது மனிதரையே தின்னத் தொடங்கிவிட்டன என்ற பொருள்பட எழுதினார். நன்னாட்டைக் கற்பனை செய்தவரும் ஆட்டிலிருந்துதான் தொடங்கவேண்டியிருந்தது! அந்நன்னாட்டுக் கற்பனையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அரசின் கை ஒவ்வோர் உயிரின் கழுத்திலும் படியும் கொடுநாட்டைப் புனையும் கதைகள் இருபதாம் நூற்றாண்டில் பெருகின. அவற்றை மேலைநாட்டார் டிஸ்டோபியா என்பர். விலங்குகளைக் கொண்டு எழுதப்பட்ட அவ்வகைக் கதைகளுள் பலரும் அறிந்தது 1945இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'. க.நா.சு. அதைத் தமிழில் தந்திருக்கிறார்.

ஆர்வெல்லின் பண்ணையில் பன்றிகள் சட்டம் இயற்றும், குதிரை உழைத்து மாயும், செம்மறிகள் முழக்கமிடும். ஒவ்வொரு விலங்கும் ஒரு மனித வகைக்கு நிற்கும் முகமூடி. முகமூடியைக் கழற்றினால் உள்ளே ரஷ்ய வரலாறு தெரியும். கழற்றிப் பார்த்தபின் அந்தக் குதிரையைப் பற்றி நாம் நினைப்பதில்லை. பூனாச்சியின் கதையைப் பலர் அவ்வாறே படித்தார்கள். அப்படிப் படிக்கத் தக்க காரணமும் இருந்தது.

2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளம்பிய கிளர்ச்சியை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்து எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அந்நூலுக்கு எதிரான வழக்கைத் தள்ளி, எழுத்தாளர் மீண்டு வந்து எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த முதல் நாவல்தான் பூனாச்சி. மனிதரைப் பற்றி எழுத அச்சமாயிருக்கிறது, தெய்வங்களைப் பற்றி எழுத அதனினும் அச்சம், விலங்குகளிலும் பசுவும் பன்றியும் ஆகா, ஆடுதான் தொல்லை தராதது என்னும் கருத்துப்பட முன்னுரையில் அவரே எள்ளலாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே ஆடு என்பது மறைசொல், ஆட்சி என்பது நம் ஆட்சி, காது என்பது எழுத்தாளனின் காது என்று வாசகர் குறிப்புணர்ந்தனர். இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை இவ்வாசிப்பு விழுங்கிவிட்டது என்பதே என் குறை.

கதையைச் சுருங்கச் சொல்கிறேன். வானம் பார்த்த நிலத்தில் ஒரு கிழவனும் கிழவியும். ஒரு மாலைப் பொழுதில் அரக்கனைப் போன்ற நெடிய உருவமுடைய ஒருவன் கிழவனிடம் ஒரு கருப்புக் குட்டியைத் தந்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் பிறந்த ஏழில் அது கடைசி. உள்ளங்கையில் அடங்கும் அளவு. பெயரிலேயே பூனை ஒலிக்கிறது. காட்டுப்பூனை அதைக் கவ்வப் பார்க்கிறது. பால் தர வேண்டிய இன்னொரு ஆடு முகர்ந்து பார்த்து உதைத்துத் தள்ளுகிறது. கிழவியின் விடாமுயற்சியால் அது பிழைக்கிறது. பிறகு வளர்ச்சி, பருவம், காதல், ஈற்று, பிரிவு, பஞ்சம்.

இவ்வாழ்வுக்கு மேலாக ஒரு வலைபோல் விரிந்திருப்பது 'ஆட்சி'. ஒவ்வோர் ஆட்டுக்கும் காது குத்தி அடையாளம் இட்டாகவேண்டும். கிழவி பூனாச்சியை ஏந்திக்கொண்டு நெடிய வரிசையில் நிற்கிறாள். எங்கிருந்து வந்தது, யார் தந்தது, தாய் எங்கே என்று அலுவலர் துருவுகிறார். கருப்பு ஆடு என்பதே ஐயத்துக்குரியது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாதே! சிரித்துக்கொண்டே படிக்கிறோம், பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. அலுவலரைவிட என்னை உலுக்கியது வரிசையில் நிற்பவர்களின் பேச்சு. ஒருவர் முணுமுணுத்தால் மற்றவர் தடுக்கிறார். உடனே முதலாமவர் ஆட்சியைப் புகழத் தொடங்குகிறார். யாரும் அடிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அச்சம் பழக்கமாகிவிட்ட இடத்தில் மிரட்டுபவர் தேவையில்லை. அந்தப் பக்கங்களுக்காக மட்டுமே இந்நூலை எந்த ஊரிலும் உரக்கப் படிக்கலாம்.

எங்கள் பகுதியில் இதை விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகை நிலவியது. முகம் காணாத ஓர் ஆட்சி, அதற்கு முன் கையேந்தி நிற்கும் வரிசை என்றதும் முதியவர்கள் தலையசைத்தார்கள். கூட்டத்தில் இருந்த இளைஞர் ஒருவரோ வேறு விதமாகச் சிரித்தார். அவர் வீட்டு மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்கம் பொறித்த மஞ்சள் வில்லை தொங்குகிறது. 2019இல் நடுவணரசு தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடர்ந்து அவ்வில்லை எங்கும் பரவியது. நாவல் எழுதப்பட்டது அதற்கு முன்பே என்றதும் அவருக்கு வியப்பு.

ஆனால் இவ்விடத்தில் நான் சற்று நிதானிக்க விரும்புகிறேன். காது வில்லை என்றாலே கொடுங்கோன்மை என்று எழுதிவிடுவது எளிது. கோமாரிக்கு ஊசி போட்ட கணக்கும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆடு செத்தால் காப்பீட்டுத் தொகை கேட்டுப் போகும் ஏழைப் பெண்ணுக்கு அந்த வில்லைதான் சாட்சி. 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் வழங்கியபோது, எங்கள் பக்கத்தில் அதனால் தலைநிமிர்ந்த விதவைகளை நான் அறிவேன். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 14 கோடியே 89 இலட்சம் வெள்ளாடுகள். தமிழ்நாட்டில் மட்டும் 99 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு உயிர்களை எண்ணாமல் நோய்தடுக்க இயலாது. கணக்கெடுப்பு என்பது விவிலியத்திலும் இரு முகம் கொண்டது. அரசர் தாவீது தம் வலிமையை அறிய மக்களை எண்ணியது பாவமாயிற்று. அகுஸ்து சீசரின் கணக்கெடுப்போ ஓர் ஏழைத் தம்பதியைப் பெத்லகேமின் தீவனத் தொட்டி வரை கொண்டு சேர்த்தது. எண்ணுபவன் எதற்காக எண்ணுகிறான் என்பதே கேள்வி. பெருமாள்முருகனின் ஆட்சி ஏன் எண்ணுகிறது என்பது நூலில் தெளிவாவதில்லை. அது நிழலாகவே நின்றுவிடுகிறது. அலுவலர்களும் செய்தியாளர்களும் வரும் இடங்களில் நடை கேலிச்சித்திரத்தின் அவசரத்தைக் கொள்கிறது. பூனாச்சி ஏழு குட்டிகள் ஈன்றதும் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும் பகுதியில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது செய்தித்தாளில் படித்துச் சிரிக்கும் சிரிப்பு. அரசியல் எள்ளலில் இந்நூல் நடுத்தரமானது என்றே சொல்வேன்.

அது உயர்வது ஆடு ஆடாகவே இருக்கும் இடங்களில்.

பூனாச்சி கிளர்ச்சி செய்வதில்லை, கொடி உயர்த்துவதில்லை, மனிதரிடம் முறையிடுவதில்லை. கதையைச் சொல்பவர் ஆசிரியர்தாம். பார்க்கும் கண்ணும் முகரும் மூக்கும் ஆட்டினுடையவை. பட்டிக்குள் ஒரு மடிக்காக முட்டி மோதும் குட்டிகளின் நெருக்கடி, புறக்கணிக்கப்பட்ட குட்டியின் நடுக்கம், புண்ணாக்கின் மணம் தரும் கிளர்ச்சி ஆகியவற்றை ஆடு வளர்த்த கை மட்டுமே எழுத முடியும். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கங்களில் 'சேலம் கருப்பு' என்ற முழுக்கருப்பு வெள்ளாட்டினம் உண்டு. கருப்பு என்பது ஆசிரியருக்கு உருவகமாகத் தோன்றுவதற்கு முன்பே அவருடைய மண்ணில் மேய்ந்துகொண்டிருந்த நிறம். உருவகம் மண்ணிலிருந்து முளைத்திருப்பதால்தான் அது செயற்கையாக ஒட்டவைத்ததுபோல் தோன்றவில்லை.

கிடாக்குட்டிக்குக் காயடிக்கும் பகுதி உண்டு. பருவமடைந்த பூனாச்சியைக் கிழட்டுக் கிடாவிடம் சேர்க்கும் பகுதியும் உண்டு. அது அவள் விரும்பியதன்று. அவள் உடல் மட்டுமே அங்கு நிற்கிறது. நம் இல்லங்களில் இத்தகைய பகுதிகளைப் படிக்க நாணுவோர் இருப்பர் என்பதை அறிவேன். நானும் அன்பியத்தில் அப்பகுதிகளை இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடவே எண்ணியிருந்தேன். கடந்தும்விட்டேன். கூட்டம் முடிந்தபின் ஒரு மூதாட்டி வந்து, "எங்க காலத்துல பொண்ணுங்களையும் அப்பிடித்தான் சாமி புடிச்சிக் குடுத்தாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். நான் மூடிவைத்ததை அவர் திறந்துவிட்டார். விலங்கின் வாழ்வை ஒளிவுமறைவின்றி எழுதினால் அதனூடே பெண்ணின் வாழ்வு தானாகத் தெரிய வருகிறது. அதற்கெனத் தனியே உருவகம் செய்யவேண்டியதில்லை. இந்த நாவலின் கலை அதுவே. நாணத்தக்கது அந்தப் பக்கங்களில் எதுவும் இல்லை.

கிழவியின் மகள் ஊருக்குப் போகும் வழியில் காட்டில் பூனாச்சி தவறிவிடுகிறாள். கயிறில்லை, பட்டியில்லை, ஆட்சியில்லை. ஒரு கொடுநாட்டுக் கதையில் வேறோர் எழுத்தாளராயின் அவளைக் காட்டிலேயே விட்டுத் தப்பவைத்திருப்பார். இங்கோ கிழவியின் அழைப்புக் குரல் கேட்டதும் பூனாச்சி திரும்பி வந்துவிடுகிறாள். அடிமைப் பழக்கம் என்று இதற்கு ஒருவர் பெயரிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குரல் அவளுக்குப் பாலூட்டிய குரல்.

அந்தப் பயணத்தில்தான் பூவன் என்ற கிடாவை அவள் சந்திக்கிறாள். பின்னர் ஒருமுறை மட்டும் அவனோடு மனமொத்துக் கூடுகிறாள். அடுத்து அவன் தெய்வத்துக்குப் பலியாகிறான். இதைச் சொன்னதும் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு அருகில்தான் கூவாகம். ஆண்டுதோறும் சித்திரையில் அங்கே கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் அவர் பலியானதும் தாலியறுத்து, வளை உடைத்து, வெள்ளை உடுத்தி அழுவதை எங்கள் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். ஓர் இரவு மணம், மறுநாள் பலி, பிறகு ஒப்பாரி. போருக்கு முன் களப்பலியான அரவானின் கதை வீரத்தின் கதையாகப் பாடப்படும் நாட்டில், கூவாகம் மட்டும் எஞ்சி நிற்பவளின் பக்கம் போய் நிற்கிறது. பெருமாள்முருகன் இதை எண்ணி எழுதினாரோ இல்லையோ, அவர் நாவலும் அதே பக்கம்தான் நிற்கிறது. பலியிடப்பட்டவனைப் பற்றி எல்லாச் சமயங்களும் பேசும். அவனை இழந்து பட்டியில் நிற்பவளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கோவில் விழாவில் கிடா வெட்டிக் கறிச்சோறு போடும் வழக்கம் நம் திருத்தலங்கள் சிலவற்றிலும் இருப்பதால், இதைப் பிறர் சமயத்து வழக்கமென்று ஒதுக்கிவிட நம்மால் இயலாது.

குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில், விலங்கின் ஆன்மா உடலோடு மறைந்துபோகும் என்று புனித அக்குவினாசின் வழிநின்று கற்றோம். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், படைப்புயிர் ஒவ்வொன்றுக்கும் மனிதப் பயன்பாட்டுக்கு அப்பால் தனக்கெனவே ஒரு மதிப்பு உண்டு என்று வலியுறுத்தியதைப் பின்னர் மறையுரைகளில் எடுத்துச் சொன்னதும் உண்டு. இவ்விரண்டையும் அறிந்திருந்தும் ஆட்டுக்கு இழப்பு என்றொன்று உண்டு என்பதை எனக்கு உணர்த்த ஒரு நாவல் வேண்டியிருந்தது.

இப்போது அந்த மறுபாதிக்கு வருகிறேன். ஆட்சியைக் கொடியது என்று காட்டுவதில் புதுமை ஒன்றுமில்லை. இந்நாவலில் என்னை உறங்கவிடாமல் செய்தவள் கிழவி. அவள் பூனாச்சியை மகளாக வளர்க்கிறாள். மடியில் கிடத்துகிறாள், பேசுகிறாள், திட்டுகிறாள், கொஞ்சுகிறாள். அந்தக் கிழவிதான் குட்டிகளை விற்கிறாள். ஏழு குட்டிகளும் போய்விட்ட பட்டியில் பூனாச்சி பால் கட்டிய மடியோடு நிற்கும்போது, விற்ற பணம் கிழவியின் முந்தானையில் இருக்கிறது. அவளுடைய அன்பு பொய்யன்று; ஒரு வரியில்கூட ஆசிரியர் அவளைக் கயவியாக்கவில்லை. அன்பும் விற்பனையும் ஒரே கையால் நடக்கின்றன. ஆட்டின் இடத்தில் நின்று பார்த்தால், காது குத்திய அலுவலர் ஒருநாள் வந்து போனவர். கயிற்றைப் பிடித்திருப்பது என்றும் கிழவியின் கைதான்.

இறைவாக்கினர் நாத்தான் அரசர் தாவீதுக்குச் சொன்ன உவமை நமக்குத் தெரியும். ஓர் ஏழை ஒரேயொரு ஆட்டுக்குட்டியை வாங்கி வளர்த்தான். அது அவன் உணவை உண்டு, அவன் கிண்ணத்தில் பருகி, அவன் மடியில் உறங்கி மகளைப் போலவே இருந்தது. பணக்காரன் ஒருவன் தன் மந்தையை விட்டுவிட்டு அந்தக் குட்டியைப் பிடித்து விருந்து சமைத்தான். தாவீது சினந்தார், நாமும் சினக்கிறோம். சினப்பது அங்கே எளிது, ஏனெனில் கொடுமை பணக்காரனிடம் மட்டுமே இருக்கிறது. அந்த ஏழை, பஞ்ச காலத்தில் என்ன செய்திருப்பான் என்று நாத்தான் சொல்லவில்லை; அவர் சொல்ல வந்தது அதுவன்று. பெருமாள்முருகன் உவமை நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்குகிறார்.

இதை நான் மூன்றாம் மாலையில், சற்றுப் பெருமிதத்தோடுதான், எடுத்துரைத்தேன். கிழவியும் குற்றவாளிதானே என்ற தொனி என் பேச்சில் இருந்திருக்கவேண்டும். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், கணவரை இழந்தவர், ஆறேழு ஆடுகளை வைத்துப் பிழைப்பவர், எழுந்துவிட்டார்.

"கெழவி வேற என்னா சாமி பண்ணுவா? ஏழு குட்டிக்கும் தழை எங்க இருக்குது? போன தையில நானும் நாலு குட்டிய வண்டியில ஏத்துனேன். பெரிய பொண்ணுக்கு ஃபீசு கட்டணும். ரெண்டு நாளு கொட்டாப் பக்கமே போவல. தாயி கத்துறது வூட்டுக்குள்ள கேக்கும்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அதான் நானு ஆட்டுக்குப் பேரே வெக்கிறதில்ல."

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. இரவு திருப்பலிக்குப் பின் தனியே இருந்தபோது, வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு கருப்பி இருந்தது. 1986இல் நான் இளங்குருமடத்துக்குப் புறப்பட்டபோது டிரங்குப் பெட்டிக்கும் போர்வைக்கும் வேட்டிகளுக்கும் பணமில்லை. கருப்பியையும் அதன் இரு குட்டிகளையும் அம்மா விற்றார்கள். விற்ற அன்று மாலை, வழக்கமாக ஆட்டுக்கு வைக்கும் கழுநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பிறகு நினைவு வந்தவர்களாய் அங்கேயே நின்றார்கள். நான் அதைப் பார்த்தேன். புதுப் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்த எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. அந்தப் பெட்டி இன்னும் என் அறையில் கட்டிலடியில் கிடக்கிறது. கிழவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு என்ன தகுதி?

அப்பெண் சொன்னது கிழவிக்கான வாதமும் அன்று, ஆட்டுக்கான வாதமும் அன்று. இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிய ஒன்றைப் பற்றியது அது. திரும்பவும் நாவலைப் படித்தபோது அதன் கொடுநாடு எங்கே இருக்கிறது என்பது எனக்கு வேறாகத் தெரிந்தது. காது குத்தும் கூடத்தில் அது சிறிதளவே உள்ளது. ஒரு கிழவி தான் நேசிக்கும் உயிரைக் காசாக்காமல் மழையற்ற ஓர் ஆண்டைக் கடக்க முடியாது என்ற நிலையே அந்த நாடு. ஆர்வெல்லின் பண்ணையில் எசமானனை விரட்ட முடிந்தது. இங்கே எசமானியும் பட்டினி கிடக்கிறாள், யாரை விரட்டுவது?

பஞ்சம் வரும் இறுதிப் பகுதி தமிழில் வந்த நல்ல பஞ்சச் சித்திரங்களுள் ஒன்று. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கிழவனும் கிழவியும் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள். தொடக்கத்தில் காது குத்த நின்ற வரிசையும் முடிவில் கஞ்சிக்கு நிற்கும் வரிசையும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. சினையாக நிற்கும் பூனாச்சியின் வயிற்றில் மீண்டும் குட்டிகள். ஒரு காலத்தில் ஊரே வியந்த வளம் இப்போது சுமை. இவ்விடங்களில் நடை மிக அடங்கி ஒலிக்கிறது. ஆசிரியர் யாரையும் ஏசவில்லை.

முடிவில் பூனாச்சி கல்லாகிவிடுகிறாள். இம்முடிவோடு எனக்கு வழக்கு உண்டு. துன்புற்று மாண்ட பெண்ணைத் தெய்வமாக்கி ஊர் எல்லையில் நிறுத்துவது தமிழ் நாட்டார் வழக்கம். தீப்பாய்ந்தவள், கொலையுண்டவள், கன்னியாய் மறைந்தவள் எல்லோருக்கும் இங்கே கல் உண்டு, பொங்கல் உண்டு. உயிரோடிருந்தபோது பிடி தழை கொடுக்காதவர்கள் கல்லுக்குப் பூச்சூட்டுவர். ஆசிரியர் இதை அறியாதவர் அல்லர். அவர் கசப்போடுதான் இம்முடிவை எழுதினாரா, அன்றி அவருக்கும் அவளை எங்கே விடுவது என்று தெரியாமல் தெய்வத்தின் கையில் ஒப்படைத்துவிட்டாரா என்று இருமுறை படித்தும் என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. கசப்பு எனில் அதைக் காட்டும் ஒரு சொல்லாவது வேண்டும். இருநூறு பக்கங்களுக்குக் குறைவான நூலில் வியர்வையும் புழுக்கையும் பாலும் மணத்த ஓர் உயிர், கடைசி வரியில் மணமற்ற பொருளாவது எனக்கு ஏமாற்றமே. அவள் செத்திருக்கலாம். ஆடுகள் சாகும். ஆனால் கூட்டத்தில் இக்கருத்தை நான் சொன்னபோது ஏற்பார் இல்லை. கல்லானதுதான் சரி, இனி யாரும் அவளை ஓட்டிப்போக முடியாதல்லவா என்றார்கள் பெண்கள். இப்பக்கத்தைப் படிப்போர் தாங்களே முடிவுசெய்து எனக்கு எழுதலாம்.

மொழியைப் பற்றி ஒரு சொல். கொங்கு வட்டாரச் சொற்கள் நூலில் உண்டு. நடுநாட்டவராகிய நமக்குச் சில இடங்களில் தயக்கம் ஏற்படும். ஆடு வளர்த்த வீட்டார் அகராதியின்றிக் கடந்துவிடுவர். நகரத்தில் பிறந்தவர்கள் பாட்டியைக் கேட்கவேண்டியிருக்கும். சிறுவர் கதை என்று எண்ணிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடவேண்டாம். பதினாறு, பதினேழு வயதுக்கு மேற்பட்டோர் பெரியோருடன் சேர்ந்து படிக்கத் தக்கது.

எங்கள் பங்கு நூலகத்தில் இருப்பது ஒரே படி. பின்வரிசையில் எழுந்து பேசிய பெண்தான் அதை எடுத்துப் போயிருக்கிறார். நான் சுருக்கிச் சொன்னது போதவில்லையாம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் சின்ன மகள் இரவில் வாசித்துக் காட்டுகிறாள். பூவன் வரும் இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று சென்ற ஞாயிறு கோவில் வாசலில் சொன்னார்.